பித்தான் துளையுள்ள கொடி

லண்டன், 1941 ஜூன் 9

அன்புத் தங்கை லெயோனிக்கு அண்ணன் எமில் எழுதுவது.

நான் சுகம். என் வலது முழங்கால் மட்டும் தனி நாடாகப் பிரிந்துபோகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? மாண்ட்ரியாலில் பனி உருகியதா, இல்லை அடுத்த பனி வந்துவிட்டதா? மாப்பிள்ளை அலோயிஸிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா?

என் மானம் போன கதையை வேறு யாராவது உனக்கு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நம் லக்ஸம்பர்க் அரசாங்கத்தில் பாதி உங்கள் ஊரிலும் பாதி இங்கேயுமாக ஒண்டிக்கொண்டிருக்கிறதே, இந்தப் பாதிக்குக் கொடியே கிடையாது. போன வருஷம் மே பத்தாம் தேதி விடியலில் ஜெர்மன்காரன் எல்லை தாண்டியபோது கோப்புகளை எடுத்தோம், முத்திரையை எடுத்தோம், மந்திரியின் வீட்டுச் செருப்பைக்கூட எடுத்தோம். கொடி யார் நினைவுக்கும் வரவில்லை. அன்றைக்கு யாருக்குத்தான் என்ன நினைவு இருந்தது? அலுவலகத் தட்டச்சுக்காரி நீ, மாதா ஊர்வலத்துக்குத் தைத்த அந்த வெளிர்நீல உடையோடு காரில் ஏறினாய். மாப்பிள்ளை உருக்காலையில் வேலையில் இருந்தார். சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மந்திரி கூப்பிட்டு, "எமில், எங்கயாவது ஒரு கொடி வாங்கிட்டு வாய்யா, வாசல்ல ஏத்தணும்" என்றார். துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். "சிவப்பு, வெள்ளை, நீலம். படுக்கைவாட்டில் மூணு பட்டை" என்றேன். எடுத்துக் கொடுத்தான். கொண்டுவந்து கம்பீரமாக ஏற்றிவிட்டு, எதிர்ச்சாரியில் நின்று தொப்பியைக் கழற்றி, கண்கூடக் கலங்கினேன்.

இரண்டு மணி நேரத்தில் டச்சு அலுவலகத்துக் கனவான் ஒருவர் வந்தார். "எங்க கொடியை ஏத்தியிருக்கீங்களே, ரொம்ப சந்தோஷம். இன்னிக்கு என்ன விசேஷம்?"

நம் மந்திரி கண் இமைக்கவில்லை. "நட்புக்கு நாள் பார்க்கணுமா?" என்றார். அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "பக்கத்து வீட்டுக்காரன் சட்டையப் போட்டுகிட்டு நான்தான் வீட்டுக்காரன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறோம். நல்லா இருக்குய்யா."

அவர்கள் நீலம் கரு நீலம், நம்முடையது வெளிர். இந்த ஊர் வெளிச்சத்தில் எனக்கு எல்லா நீலமும் ஒன்றாகத் தெரிந்து தொலைத்தது.

ஒரு சிறு செய்தி: ஜாகை மாற்றிவிட்டேன். அலுவலகத்துக்கு வெகு அருகில். மழையில் நனையாமல் வேலைக்கு வந்துவிடலாம். துணிமணியும் குறைந்துவிட்டதால் சலவைத் தொல்லை இல்லை.

முழங்காலோடு சேர்த்து முழு அன்புடன்,
எமில்


மாண்ட்ரியால், 1941 ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்காலுக்கு விடுதலை கொடுத்துவிடாதே, பிறகு கணுக்காலும் கேட்கும்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்தேன். சமையல்கார மார்கோ சிரித்த சிரிப்பில் அவரைக்காய் சூப் அடிபிடித்துவிட்டது. ஊரில் சாப்பிட்ட சூப் போல் வரவேண்டும் என்று அவள் ஒரு வருஷமாகப் போராடுகிறாள். இங்கே எதிலும் மேப்பிள் பாகை ஊற்றுகிறார்கள் அண்ணா. பன்றி இறைச்சிமேல்கூட.

எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் அந்த நீல உடையை உடுத்துகிறேன். ஐந்து பித்தானும் இன்னும் உறுதியாக இருக்கின்றன. நம் எஷ் ஊர்க் கடைவீதியில் அந்தத் துணியை வாங்க அவர் அரைமணி நேரம் பேரம் பேசியது உனக்கு நினைவிருக்கும். "இந்த நீலம் வெளுத்துச்சுன்னா உன் கடை வாசல்லயே வந்து உட்காருவேன்" என்று கடைக்காரரை மிரட்டினாரே.

பழைய ஜாகைக்கு என்ன ஆயிற்று? "துணிமணி குறைந்துவிட்டது" என்றால் என்ன அர்த்தம்? துணி தானாகவா குறையும்?

பதிலை எதிர்பார்க்கும்,
லெயோனி


லண்டன், 1941 ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நலமே. உன் கேள்விகள் கிடைத்தன. நேரம் கிடைத்ததும் பதில் சொல்கிறேன். (மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்டதற்கு நீயும் அப்படித்தானே சொல்லியிருக்கிறாய்? ஒன்றுமே சொல்லாமல்.)

இப்போது தலைபோகிற காரியம். செப்டம்பர் 24-ஆம் தேதி நேச நாடுகளின் கூட்டம் இங்கே ஓர் அரண்மனையில் நடக்கிறது. நாடிழந்து வந்த நம்மைப்போன்ற அரசாங்கங்கள் எல்லாம் வருகின்றன. ஒவ்வொரு நாட்டின் நாற்காலிக்குப் பின்னாலும் அதன் கொடி நிற்கும். கொடிகளுக்குப் பொறுப்பு பிளென்கின் என்றொரு ஆங்கிலேயப் பெரியவர். அளவெடுத்துப் பேசுபவர், குடையை வீட்டுக்குள்ளேயும் கையில் வைத்திருப்பவர்.

"உங்க கொடி எங்க கையிருப்புல இல்லை. டச்சுக் கொடி ரெண்டு இருக்கு. ஒண்ணை உங்களுக்கு வச்சிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எங்களுக்குத் தெரியும் சார்."

"நீலத்துல கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதானே?"

"உங்களுக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல கொஞ்சம் தண்ணி. அவ்வளவுதானே சார்?"

குடையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். என்னை வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "சரி. முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள சரியான கொடியக் கொண்டுவாங்க. இல்லன்னா டச்சுக் கொடி, அதுவும் வேண்டாம்னா வெறும் கம்பு."

மந்திரியிடம் சொன்னேன். "ஊர்ல ஜெர்மன்காரன் தெருப் பேரை மாத்திட்டான், ஆளுங்க பேரை மாத்திட்டான். அப்படி ஒரு நாடே கிடையாதுங்கறான். இங்க நாம இன்னொருத்தன் கொடிக்குக் கீழ உட்கார்ந்தா அவன் பேச்சுக்கு நாமளே சாட்சி. சண்டை முடிஞ்சு நாடுகளை எண்ணும்போது நம்மள விட்டுட்டுத்தான் எண்ணுவாங்க" என்றார்.

"நம்ம நீலம் சரியா எந்த நீலம் எமில்? சட்டத்துல இருக்கா?"

"இல்லீங்க. வெளிர்னு வழக்கம்."

"எவ்வளவு வெளிர்?"

"பார்த்தா தெரியுங்க."

இதுதான் நம் அரசியல் சாசனம்!

லண்டனில் துணிக்குக் கூப்பன் வந்துவிட்டது. இருக்கிற நீலத்தையெல்லாம் கடற்படை உடுத்திக்கொண்டு போய்விட்டது. அங்கே நீ ஒரு கொடி தைத்து அனுப்பு. உங்கள் அலுவலகத்து அரசாங்கத் தபால் பை ஆகஸ்டு 28-ஆம் தேதி விமானத்தில் கிளம்புகிறது. அதை விட்டால் அடுத்தது கப்பல்தான். வந்து சேருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும், கப்பல் வந்து சேர்ந்தால்.

உன்னை நம்பியிருக்கும்,
எமில்


மாண்ட்ரியால், 1941 ஆகஸ்டு 22

அன்புள்ள அண்ணா,

நலம், ஆனால் எரிச்சலில் இருக்கிறேன். காரணம் கன்னியாஸ்திரிகள்.

சிவப்பும் வெள்ளையும் முதல் நாளே கிடைத்துவிட்டன. நீலத்துக்கு ஏழு கடை ஏறி இறங்கினேன். எங்கேயும் கரு நீலம், இல்லாவிட்டால் விமானப்படையின் சாம்பல் நீலம். மார்கோதான் சொன்னாள், "கான்வென்ட்ல மாதா சபைப் பொண்ணுங்க போடற துணியப் பாரு, அப்படியே நம்ம நீலம்." போய்ப் பார்த்தேன். அண்ணா, அலமாரி நிறைய! பார்த்ததும் தெரிந்தது, உன் அரசியல் சாசனப்படி.

மடத்துத் தலைவி மதர் ஃபிலோமென் கேட்டார்: "சிவப்பு, வெள்ளை, நீலம்... அது டச்சுக்காரங்க கொடியில்ல?"

"அவங்களது கரு நீலம் மதர். எங்களது வெளிர்."

"டச்சுக்காரங்க புரொட்டஸ்டண்டு. மாதாவுக்கு நேர்ந்த துணிய அவங்களுக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்றியாம்மா?"

"நாங்க கத்தோலிக்கங்க மதர். எங்க ஊர்ல வசந்தம் வந்தா மாதாவுக்குத்தான் பெரிய திருவிழா."

"அப்புறம் ஏன் அவங்க கொடிய வச்சிருக்கீங்க?"

"வச்சுக்கல மதர், அதுக்குத்தான் துணி கேக்கறேன்!"

நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. "பிஷப்பைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்" என்றுவிட்டார். பிஷப் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். செப்டம்பர் முதல் வாரம்தான் வருவாராம்.

ஜெர்மன்காரனுக்கு நாம் ஜெர்மன்காரர்கள். மதருக்கு நாம் டச்சுக்காரர்கள். நாம் நாமாக இருக்க இந்த உலகத்தில் யார் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லு, போய் வாங்கி வருகிறேன்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

லெயோனி


மாண்ட்ரியால், 1941 ஆகஸ்டு 28

அண்ணா,

சுகம். கொடி இத்துடன். இரவல் தையல் இயந்திரம், தையல் சற்றுக் கோணல். நீலம் கிடைத்துவிட்டது. எங்கிருந்து என்று கேட்காதே.

இஸ்திரி போடும்போது சூடு குறைவாக வை.

லெயோனி


லண்டன், 1941 செப்டம்பர் 26

என் அருமைத் தங்கையே,

நான் சுகம். இன்றைக்கு என் முழங்கால்கூடச் சமாதானம் செய்துகொண்டது.

கொடி 22-ஆம் தேதி வந்தது. நானே இஸ்திரி போட்டேன், குறைந்த சூட்டில். 23-ஆம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குப் பிளென்கின் முன்னால் விரித்தேன். மனிதர் டச்சுக் கொடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். இரண்டையும் அக்கம்பக்கமாகப் பிடித்தார். இந்த ஊர்ச் சூரியனும் என்ன நினைத்ததோ, ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது.

"ஆமாம்" என்றார். "வேற நீலம்தான்."

"வேற நாடுங்க" என்றேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். சளி என்று சமாளித்தேன்.

மறுநாள் நம் மந்திரி உட்கார்ந்த உட்காரலை நீ பார்த்திருக்க வேண்டும். நம் அரசாங்கம் மொத்தமும் இரண்டு காரில் அடங்கிவிடும், ஆனால் நாற்காலி பத்தவில்லையோ என்று தோன்றும்படி உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் எழுந்தார், பேசினார். அத்தனை பேரும் கேட்டார்கள். பெரிய நாடு பேசும்போது இருமினவர்கள்கூட இப்போது இருமவில்லை. நான் சுவரோரம் நின்றிருந்தேன். வயது நாற்பத்தெட்டு, வழுக்கை, தொந்தி, இரவல் கழுத்துப்பட்டி. உலகத்திலேயே உயரமான ஆள் நான்தான் என்று தோன்றியது.

பிறகு பக்கத்துக் கொடி நார்வேக்காரர் குனிந்து பார்த்து என்னிடம் கேட்டார்: "உங்க கொடியில, கீழ்ப்பட்டை ஓரமா, அஞ்சு பித்தான் துளை அடைச்சுத் தச்சிருக்கே, அது என்ன?"

"எங்க ஊர் வழக்கம்" என்றேன். "ஆபத்துக்குக் கொடியச் சட்டையாவும் போட்டுக்குவோம்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். நார்வே அரசாங்கத்தின் கோப்பில் நம்மைப் பற்றி இப்போது அப்படித்தான் இருக்கும்.

கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவில்லை. குளிர்காலம் வருகிறதே, ஞாயிறு பூசைக்கு உடுத்திப் போக உன்னிடம் வேறு ஏதாவது இருக்கிறதா?

எமில்


லண்டன், 1941 நவம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபமா, காய்ச்சலா, இல்லை பிஷப் பிடித்த மீன் அத்தனையையும் நீயே தின்றுகொண்டிருக்கிறாயா?

ஸ்விட்சர்லாந்து வழியாக ஒரு சேதி வந்திருக்கிறது. உட்கார்ந்து படி. அக்டோபர் 10-ஆம் தேதி ஊரில் ஜெர்மன்காரன் குடிக்கணக்கு எடுத்தான். வீட்டுக்கு வீடு ஒரு படிவம். அதில் மூன்று கேள்வி: உன் நாடு எது, உன் தாய்மொழி எது, உன் இனம் எது. மூன்றுக்கும் 'ஜெர்மன்' என்று எழுதவேண்டும், லக்ஸம்பர்க் என்று எழுதினால் செல்லாது என்று பத்திரிகையில் போட்டு மிரட்டினான். நாமே ஜெர்மானியர்கள் என்று நம் கையெழுத்தாலேயே உலகத்துக்குக் காட்டலாம் என்பது அவன் கணக்கு.

நம்மவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? லக்ஸம்பர்க். லக்ஸம்பர்க். லக்ஸம்பர்க். சுரங்கத்தான், பாதிரியார், திராட்சைத் தோட்டக்காரன், வட்டிக்கடைக்காரன் எல்லோரும்! ஜெர்மன்காரன் முன்கூட்டியே சில ஊர்களில் படிவத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டானாம்.

பிளென்கின் தெருவில் என்னைப் பார்த்துக் குடையை நிலத்தில் ஊன்றி நின்றார். "இத்தனை நாள் என் மனசுல ஒரு சந்தேகம் இருந்தது. நீங்க நாலு பேர் இங்க உட்கார்ந்து நாடுன்னு சொல்றீங்க, ஊர்ல இருக்கறவங்க என்ன நினைக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும்னு" என்றார். "இப்ப?" என்றேன். தொப்பியைக் கழற்றினார். அவ்வளவுதான். அந்த மனிதர் தன் ராஜாவுக்குத்தான் தொப்பி கழற்றுவார்.

ஒரு வருஷமாக, விட்டுவிட்டு வந்தோமே என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. நாம் இங்கே கொடி பிடித்ததற்கு அவர்கள் அங்கே கம்பு நட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றும் சேதி. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரியாவது எழுது.

எமில்


மாண்ட்ரியால், 1941 டிசம்பர் 9

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக, இருபத்தைந்து வார்த்தைக்குள் ஊருக்குச் சேதி அனுப்பலாமே. மார்ச்சில் அவருக்கு அனுப்பியிருந்தேன். உன் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. 'இந்த விலாசத்தில் இவர் இல்லை' என்று முத்திரை. அதற்குமேல் ஒன்றுமில்லை. எங்கே போனார், யார் கொண்டுபோனார்கள், ஒன்றும் இல்லை. உன் 26-ஆம் தேதிக் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. அதில் நீ அவ்வளவு உயரமாக நின்றுகொண்டிருந்தாய். எப்படி எழுதுவேன்?

வில்ட்ஸ் ஊரில் இருக்கும் அவருடைய அக்கா விலாசத்துக்கு அக்டோபரில் இன்னொன்று அனுப்பியிருக்கிறேன். மாதக்கணக்காகும்.

குடிக்கணக்குச் சேதியை அலுவலகத்தில் படித்தார்கள். மார்கோ அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் எழுதியிருப்பார் அண்ணா. எழுத அவர் இருந்திருந்தால், எழுதியிருப்பார்.

உன் ஜாகை மே மாதக் குண்டுவீச்சில் போய்விட்டது, நீ அலுவலகத்திலேயே படுத்துக்கொள்கிறாய் என்று இங்கே வந்த ஒருவர் சொன்னார். நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

லெயோனி


லண்டன், 1942 ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

குற்றவாளி ஆஜர். ஆமாம், ஜாகை போயிற்று. மந்திரியின் அறைச் சோபாவில் படுக்கிறேன், அவர் முகம் கழுவும் தொட்டியில் சவரம் செய்கிறேன். போன வாரம் என் சவரத் தூரிகையை அவர் பல் துலக்க எடுத்துவிட்டார். அரசாங்க ரகசியம், வெளியே விடாதே.

உனக்கு ஆறுதல் சொல்ல நாலு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஊரைச் சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் வாங்கியவனுக்கு இப்படி ஒரு நேரத்தில் ஒரு வரி வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு முழம் துணிக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற ஆள், உயிரை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கமாட்டார்.

கொடி இப்போது நம் வாசலில் பறக்கிறது. மழை வந்தால் ஓடிப்போய் இறக்கிவிடுகிறேன். நனையவிடவில்லை.

உன் அண்ணன்


மாண்ட்ரியால், 1942 மார்ச் 21

என் அண்ணாவுக்கு,

நலம். நலம். நலம். மூன்று கேள்வி நீ கேட்டாலும் அதுதான் பதில்.

வில்ட்ஸுக்கு அனுப்பிய செஞ்சிலுவைப் படிவம் இன்று காலை திரும்பி வந்தது. முத்திரையைப் பார்த்து, மறுபடியும் 'இவர் இல்லை'தான் என்று நினைத்தேன். புரட்டினேன். பின்பக்கத்தில் அவர் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"சுகம். வீடு போயிற்று, அக்காவுடன் இருக்கிறேன். மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் ஒரே பதில் எழுதினேன். தெருவில் எல்லோரும் அதே. நீல உடை வெளுக்காமல் பார்த்துக்கொள். அலோயிஸ்."

இருபது வார்த்தை! இருபத்தைந்து கொடுத்தால் அதிலும் ஐந்தை மிச்சம் பிடிக்கிற கஞ்சன் அண்ணா அவர். அலுவலகத்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். மார்கோ என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். படித்துக் காட்டினேன். "உயிரோட இருக்கறதச் சொல்லிட்டு, துணியப் பத்திக் கேக்கறாரா? அசல் எஷ்காரர்தான்" என்றாள்.

கான்வென்ட் மதருக்கும் சேதி எட்டியிருக்கிறது. மாதா நீலத்தில் ஆறு கெஜம் கொடுத்தனுப்பியிருக்கிறார். "புரொட்டஸ்டண்டுகள் கையில் போகாது என்ற உறுதியின்பேரில்" என்று ஒரு சீட்டு. உடை தைத்துக்கொள்ளவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். பித்தான் ஐந்தும் என்னிடம்தான் இருக்கின்றன.

என்ன பதில் போடுவது? ஜெர்மன்காரன் படிப்பான் என்பதால் லண்டன், கொடி எதுவும் எழுத முடியாது. மத்தியானம் முழுக்க அடித்தடித்து எழுதி, கடைசியில் இதை அனுப்பினேன்:

"நான் சுகம். நீல உடை அண்ணனிடம் போயிருக்கிறது. வெளுக்கவில்லை. மடித்து வைக்கவும் இல்லை. எல்லோரும் பார்க்க நிமிர்ந்து நிற்கிறது. நீங்கள் எழுதிய பதில் இங்கும் வந்து சேர்ந்தது. காத்திருக்கிறேன். லெயோனி."

செஞ்சிலுவைச் சங்கத்துப் பெண் பென்சிலால் எண்ணிப் பார்த்தாள். "இருபத்திரண்டுதான் வருது. இன்னும் மூணு வார்த்தை எழுதலாமே?"

"வேண்டாம்மா" என்றேன். "அந்த மூணையும் அவர் ஏற்கெனவே குடிக்கணக்குல எழுதிட்டார்."

உன் தங்கை,
லெயோனி